தொட்டி பார்க்கப் போன அண்ணன்

போன வாரம் கன்டினியூட்டியை ஒலிக்கலவை அறையின் வாசலில், கதவைத் தட்டக் கையை ஓங்கிய நிலையில் விட்டுவிட்டு நாம் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். பாவம், அவள் இன்னும் தட்டவில்லை.

அவள் தட்டுவதற்குள், நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை. கன்டினியூட்டி என்பது அவள் பெயரல்ல, பிழைப்பு. சினிமாவிலும் டிவியிலும் ஒரு காட்சியில் பாதியை இன்று எடுப்பார்கள், மீதியை அடுத்த வாரம் எடுப்பார்கள். இன்று இடது கையில் இருந்த டம்ளர் அடுத்த வாரமும் இடது கையிலேயே இருக்கிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இவள். டம்ளர் கை மாறினால் திட்டு வாங்குபவளும் இவளே. மாறாவிட்டால் அப்படி ஒருத்தி இருப்பது யாருக்கும் தெரியாது. வீட்டில் அவளைப் பாப்பா என்பார்கள். செட்டில் டீ கொண்டுவருபவர் வரைக்கும் கன்டினியூட்டி மேடம்தான்.

அவளுக்கு அண்ணன்கள் இரண்டு பேர். பெரியண்ணன் ஒரு சிரிப்புத் தொடரை எழுதி இயக்குகிறார். ஒரு வீடு, ஒரு குடும்பம், ஒரு ஹால், ஒரு மாடிப்படி. சின்னண்ணன் அந்தக் குடும்பத்தின் மூத்த மகனாக நடித்துக்கொண்டிருந்தார். ஏழு வருடத்துக்கு முன் ஒருநாள், யூனிட் முழுக்கச் சுற்றி நிற்கும்போது பெரியண்ணன் சொல்லிவிட்டார்: "உனக்கு நடிக்க வரல. என் தம்பிங்கறதாலதான் இந்த வேஷம். அதை மனசுல வெச்சுக்கோ."

சின்னண்ணன் எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த ஷாட்டில், எழுதிக் கொடுத்த வசனத்தை எழுத்துப் பிசகாமல் சொன்னார். "அம்மா, மேல போய்த் தொட்டில தண்ணி இருக்கான்னு பாத்துட்டு வரேன்." படியேறினார். செட்டில் அந்தப் படிகள் ஒரு பிளைவுட் சுவருக்குப் பின்னால் போய் முடிந்துவிடும். அங்கே நிற்க ஒரு பலகை, பின்பக்கமாக இறங்க ஓர் ஏணி. அவர் ஏணியில் இறங்கி, பின்கதவைத் திறந்து, பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

கீழே குடும்பம் அவருக்காகக் காத்திருந்தது. கேமராவும் ஓடிக்கொண்டிருந்தது.

வேறு டைரக்டராக இருந்தால் மூத்த மகனை வெளிநாட்டுக்கு அனுப்பியிருப்பார், அல்லது லாரியில் அடிபட வைத்திருப்பார். ஆளையாவது மாற்றியிருப்பார். பெரியண்ணன் ஒன்றும் செய்யவில்லை. தொடரில் ஒருவரும் மூத்த மகனைத் தேடவில்லை, ஒருவரும் அழவில்லை. குழாயில் மட்டும் தண்ணீர் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

அண்ணன் தம்பி பேச்சு அன்றோடு சரி. தங்கைதான் இரண்டு வீட்டுக்கும் போய், இரண்டு வீட்டு டீயையும் குடித்து, அங்கே கேட்டதை இங்கே சொல்லாமலும் இங்கே கேட்டதை அங்கே சொல்லாமலும் காலத்தைத் தள்ளினாள். அந்த ஒரு விஷயத்தில் அவள் கன்டினியூட்டியில் ஒரு குறையும் கிடையாது.

இன்று தொடருக்குக் கடைசி நாள். மாலை கடைசிக் காட்சி. அது முடிந்ததும் தச்சர்கள் செட்டைப் பிரிப்பார்கள். அதே தளத்தில் ஓர் ஆஸ்பத்திரித் தொடர் வரப்போகிறது. சமையலறைக் காட்சிகள் முடிந்துவிட்டதால் சமையலறையை நேற்றே பிரித்தாகிவிட்டது. கடைசிக் காட்சி என்னவென்றால், மூத்த மகன் மாடியிலிருந்து இறங்கி வருகிறான். பெரியண்ணன் அப்படித்தான் எழுதியிருக்கிறார். தம்பியிடம் சொன்னாரா என்றால், இல்லை. தம்பி வராவிட்டால் புரொடக்‌ஷன் மேனேஜரின் கால்களை மட்டும் இறக்கிக் காட்டுவதாக ஏற்பாடு. மேனேஜர் காலையிலேயே நகம் வெட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இப்போது அவள் தட்டலாம்.

*

"கதவு தொறந்துதான் இருக்கு மேடம்," என்றார் சவுண்ட்காரர் உள்ளேயிருந்து. செட்டில் ஒலிப்பதிவு செய்பவரும் அவரே, பிறகு இந்த அறையில் உட்கார்ந்து சிரிப்புச் சத்தம் சேர்ப்பவரும் அவரே. எந்த நகைச்சுவைக்கும் முகத்தை மாற்றாதவர். சிரிப்பையெல்லாம் பெட்டியில் வைத்திருப்பவருக்குத் தனியாக எதற்குச் சிரிப்பு.

கன்டினியூட்டி போனை நீட்டினாள். "இந்த வீடியோ பாத்தீங்களா? நம்ம தொடர்ல இருக்கற தப்பையெல்லாம் ஒருத்தர் புட்டுப் புட்டு வெச்சிருக்கார்."

"பாத்தேன். ஃப்ரிட்ஜ் கதவு ஒரு வாரம் வலது பக்கம் தொறக்குது, ஒரு வாரம் இடது பக்கம் தொறக்குதாம்."

"தெரியும்."

"கடைசிப் பொண்ணு மூணு வருஷம் பத்தாவது படிச்சுதாம்."

"அது கதை. அது என் தலையில வராது. நான் கேக்க வந்தது இது." அவள் வீடியோவை நகர்த்தினாள். மேலே ஏதோ நடக்கிற சத்தம், வாரா வாரம், எல்லோரும் கீழே இருக்கும்போது. லைட்காரர் பரண் மேல் நடப்பதை மைக் பிடித்துவிட்டது, கவனிக்க ஆளில்லை என்று வீடியோக்காரர் தீர்ப்பு சொல்லியிருந்தார். "லைட்காரர்கிட்ட கேட்டேன். டேக்ல அவர் மூச்சுகூட விடறதில்லைங்கறார். இது எப்படி வந்துது?"

சவுண்ட்காரர் காதைச் சொறிந்துகொண்டார். "அது தப்பில்ல மேடம். நான் போடறதுதான்."

"நீங்களா?"

"டைரக்டர் போடச் சொல்வார். எல்லா எபிசோட்லயும் ஒரு இடத்துல. ரொம்பச் சன்னமா. ஆரம்பத்துல எதுக்கு சார்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"மேல ஆள் இருக்குல்ல, அப்படின்னார்."

அவர் ஹெட்போனை அவள் காதில் மாட்டி, சிரிப்பையும் வசனத்தையும் இசையையும் ஒவ்வொன்றாக அணைத்தார். மிஞ்சியது செருப்புச் சத்தம் மட்டும். ஒன்று மெதுவாக, ஒன்று அழுத்தி. ஒன்று மெதுவாக, ஒன்று அழுத்தி. சின்ன வயசில் பெரியண்ணன் சைக்கிள் மிதிக்க, பின்னால் உட்கார்ந்து போன சின்னண்ணன் விழுந்து, வலது காலைக் கொஞ்சம் ஊன்றியே நடக்கப் பழகிவிட்டார். அந்த நடை வாசலில் கேட்டாலே அவளுக்கு யார் என்று தெரியும்.

"இந்தச் சத்தம் எங்க எடுத்தது?"

"அவர் கடைசியா ஏறினார் பாருங்க, அந்த டேக். அதையேதான் இத்தனை வருஷமா வெட்டி வெட்டி ஓட்டறோம். வேற செருப்பு வெச்சுப் பண்ணித் தரேன்னேன். வேணாம்னுட்டார்."

டம்ளர் எந்தக் கையில் என்று பார்த்துப் பார்த்தே இவ்வளவு நாள் போயிற்று. தலைக்கு மேலே நடந்த சொந்த அண்ணனைக் கோட்டை விட்டிருக்கிறாள்.

"அதை மட்டும் என் போனுக்கு அனுப்புங்க," என்றாள்.

*

சின்னண்ணன் இப்போது டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் கார். அதைத் தவிர வாழ்க்கையில் தனக்கென்று ஒரு கட்டுப்பாடும் இல்லை என்பது அவர் கட்சி. கன்டினியூட்டி பின்சீட்டில் ஏறிக்கொண்டபோது, ஸ்டீரிங்கில் ஒரு பல் டாக்டர் அம்மா இருந்தார். ஊரார் வாய்க்குள் அஞ்சாமல் கை விடுகிறவர். இரண்டாவது கியருக்கு மட்டும் பயம்.

"யார் சார் இவங்க?"

"தங்கச்சி. ரோட்டப் பாருங்க."

கார் நகர்ந்தது. நடந்து போன ஒருவர் காரை முந்தினார்.

"பாப்பா, இன்னிக்கு உங்க தொடருக்குக் கடைசி நாள், நீ எதுக்கு வந்திருக்கேன்னு தெரியும். வரமாட்டேன்."

"நான் வாயே தொறக்கலையே."

"தொறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டா உனக்கும் மிச்சம், எனக்கும் மிச்சம்."

"சார், நீங்க போகணும் சார்," என்றார் டாக்டர் அம்மா. "எங்க மாமியார் வாரா வாரம் அந்தப் படியவே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. இன்னிக்காவது எறங்குவானாம்பாங்க."

"கிளட்ச்ச மிதிங்க."

"மிதிச்சுட்டுத்தான் இருக்கேன்."

"அது பிரேக்கு."

கடைவீதி வந்தது. பழக்கடைக்காரர் காரைப் பார்த்ததும், வழக்கம்போல, "அண்ணே, தண்ணி இருக்கா?" என்று கத்தினார். சின்னண்ணன் வழக்கம்போலக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

"கேட்டியா? இதான் என் பேர் இப்போ. எத்தனை எபிசோட் பண்ணியிருக்கேன். அந்த வேலை போன சீன்ல நான் அழுததைப் பாத்து கேமராமேன் கண்ணத் தொடச்சார். ஒருத்தனுக்கு ஞாபகம் இருக்கா? மேல போனது மட்டும் ஊருக்கே ஞாபகம் இருக்கு. ஆக மொத்தம், காணாமப் போறது மட்டும்தான் எனக்கு நல்லா வந்திருக்கு. அண்ணன் சொன்னது சரிதான்."

"அந்த அழுகையப் பத்தி நான் சொல்லட்டுமா?"

"நீ என்ன சொல்லுவ. கண்ணீர் எந்தக் கன்னத்துல வந்துதுன்னு சொல்லுவ."

"இடது கன்னம்," என்றாள் அவள். அவர் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அவள் போனின் இயர்போனை அவர் காதில் செருகிவிட்டாள்.

"என்னது இது. செருப்புச் சத்தம்."

"யாரோடது?"

"எனக்கென்ன தெரியும், நான் என்ன செருப்புக் க..." பேச்சு பாதியில் நின்றது. அவர் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தார். ரோடு அவர் கண்ணில் படவில்லை. "எங்கேருந்து புடிச்ச?" என்றார்.

"நீ இல்லாத எல்லா எபிசோட்லயும் இருக்கு. பெரியண்ணன்தான் போடச் சொல்றான். மேல ஆள் இருக்குன்னு."

கார் நடுரோட்டில் நின்றது. பின்னால் ஹாரன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின.

"சார், நான் ஒண்ணும் பண்ணல," என்றார் டாக்டர் அம்மா. "சத்தியமா ஒண்ணுமே பண்ணல."

சின்னண்ணன் தன் பக்கத்துப் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. "சத்தத்த மட்டும் வெச்சுக்கிட்டானா," என்றார் மெதுவாக. "ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல. ஒரு வார்த்தை. அவன் எழுதற வசனத்துல பாதி நீளம் போதும்."

"பண்ண மாட்டான். அவனுக்கு எழுதத்தான் தெரியும். பேசத் தெரிஞ்சிருந்தா எழுத வந்திருக்க மாட்டான்."

"அதுக்கு நான் எறங்கி வரணுமா?"

"நீ வரலைன்னா மேனேஜரோட கால் எறங்கும். நகமெல்லாம் வெட்டிட்டு வந்திருக்கார்."

"அவர் காலா? அவருக்கு ரெண்டும் வாத்து மாதிரி வெளிப்பக்கம் போகுமே."

"ஆமா. அதுதான் உன் காலுன்னு ஊரே நினைச்சுக்கும். காலத்துக்கும்."

இது அவரைக் குத்தியது. இயர்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, காலைத் தூக்கினார். "டாக்டரம்மா, இடது பக்கம் இண்டிகேட்டர் போடுங்க."

"சார், நம்ம ரூட்டு வலது பக்கம்."

"இன்னிக்கு உங்களுக்கு டிராஃபிக்ல ஓட்டப் பழக்கறேன்."

*

செட்டில் சின்னண்ணனைப் பார்த்ததும் சத்தம் செத்துவிட்டது. தச்சர்கள் சுத்தியலோடு எழுந்து நின்றார்கள். அம்மா வேடம் போடுகிற நடிகை மட்டும் வந்து அவர் கன்னத்தைத் தொட்டு, "தண்ணி பாக்க இவ்வளவு நேரமாடா," என்று கேட்டுவிட்டு, மேக்கப் கலையக் கூடாதே என்று அண்ணாந்து நின்றார். நடிகைகள் நிஜமாக அழும்போது அப்படித்தான் நிற்பார்கள்.

பெரியண்ணன் மானிட்டரை விட்டு எழவில்லை. மானிட்டரில் ஒன்றும் ஓடவில்லை.

"கன்டினியூட்டி," என்றார் திரும்பாமல். "அவர் போனப்ப என்ன சட்டை?"

"நீலக் கட்டம். வெச்சிருக்கேன்."

வருடா வருடம் உடைகளைக் கழிக்கும்போது அந்தச் சட்டையை மட்டும் அவள் ஒளித்து வைத்திருந்தாள். சட்டை அப்படியேதான் இருந்தது. அண்ணன்தான் அப்படியே இல்லை. பொத்தான் துளை ஒரு பக்கம், பொத்தான் ஒரு பக்கம், நடுவில் வயிறு. கடைசியில் காஸ்ட்யூம்காரர் சட்டையின் முதுகை நெடுக வெட்டி, உள்பக்கம் ஒரு துணி கொடுத்து, ஊசிகளால் பிடித்துவிட்டார். முன்னாலிருந்து பார்த்தால் அன்றைக்குப் போன அதே மகன். பின்னாலிருந்து பார்த்தால் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகிற நோயாளி.

"கன்டினியூட்டி, அவரை விக் வெச்சுக்கச் சொல்லு. அஞ்சு நிமிஷம் மேல இருந்துட்டு வர்றவருக்கு முடி போயிருக்காது."

"பாப்பா, டைரக்டர்கிட்ட சொல்லு, விக்கெல்லாம் வெச்சுக்க மாட்டேன். தலை அரிக்கும்."

இருவருக்கும் நடுவே மூன்றடிதான் தூரம். அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். தபால்காரியாக இருந்து அவளுக்கு அலுத்துவிட்டது.

"அப்ப ஷாட் ஜம்ப் ஆகும்," என்றார் பெரியண்ணன். "ஏறினப்ப முடி இருந்துது, எறங்கறப்ப இல்லன்னா பாக்கறவன் சிரிப்பான்."

"சிரிப்புத் தொடர்தானே," என்றார் சின்னண்ணன் சுவரைப் பார்த்து.

"முடி இப்படியே இருக்கட்டும்," என்றாள் அவள். "மேட்ச் ஆகுது."

"எதோட மேட்ச் ஆகுது?"

"உன் தலையோட."

எல்லோரும் திரும்பி நின்றுகொண்டு சிரித்தார்கள். பெரியண்ணன் தன் வழுக்கையை ஒருமுறை தடவிப் பார்த்தார். முதல் தடவையாகத் தம்பியின் பக்கம் திரும்பி, அங்கிருந்த தலையையும் பார்த்தார். அப்பாவின் தலை. இரண்டு பேருக்கும் அதே இடத்தில், அதே வட்டம். "சரி," என்றார். "கன்டினியூட்டி ஓகேன்னா ஓகே."

சின்னண்ணன் பின்பக்க ஏணி வழியாக ஏறி, பிளைவுட்டுக்குப் பின்னால் பலகையில் போய் நின்றார். காலரில் மைக். கீழே குடும்பம் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தது. கன்டினியூட்டி டம்ளர்களைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், ஹெட்போனை மாட்டிக்கொண்டு சவுண்ட்காரர் பக்கத்தில் போய் நின்றாள். கேமரா ஓட ஆரம்பித்தது.

எல்லோரும் "ஆக்‌ஷன்" என்ற சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

பெரியண்ணனின் வாய் திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது. பிறகு அவர் எழுந்தார். நேராகக் கேமராவுக்கு முன்னால் நடந்தார், ஷாட்டைக் கெடுத்தவர்களை நாள் முழுக்கத் திட்டுகிற அதே மனிதர். மேஜையைச் சுற்றிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து, படியேறினார். பிளைவுட் அவரையும் விழுங்கிக்கொண்டது.

கேமராமேன் கன்டினியூட்டியைப் பார்த்தார். அவள் கையால், ஓடட்டும் என்றாள்.

ஹெட்போனில் மூச்சு கேட்டது. இரண்டு மூச்சு. பலகை முனகியது.

"உக்காரட்டுமா?" பெரியண்ணன் குரல்.

"ரெண்டு பேரத் தாங்குமான்னு தெரியல."

"தாங்கும். பலகைய அடிச்சவங்க கீழதான் நிக்கறாங்க, சுத்தியலோட."

"பாத்து. என் முதுகு பூரா ஊசி."

பிறகு பெரியண்ணன் தொண்டையைச் செருமினார். "உனக்கு நடிக்க வரலைன்னு சொன்னேன்ல."

"ம்."

"பொய். அன்னிக்கு உன்னை இங்கேருந்து துரத்தணும்னு இருந்துது எனக்கு. அதுக்கு ஒரு காரணம் இருந்துது. உன்கிட்ட மட்டும் இல்ல, யார்கிட்டயுமே சொல்லக் கூடாதுன்னு..."

அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டாள். எது எங்கே எப்படி இருந்தது என்று பார்ப்பது அவள் வேலைதான். இது அந்த வேலையில் சேராது. இரண்டு பேரும் ஒரே பலகையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவளுக்கு அது போதும். அம்மா நடிகை, "என்ன பேசறாங்க?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார். தெரியாது என்று தலையாட்டினாள். தெரியாமல் இருப்பது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

தச்சர்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் பிளைவுட்டின் மேல் ஒரு கை எழுந்து, இரண்டு விரலைக் காட்டியது. டீக்காரர் இரண்டு டீயோடு ஏணிப் பக்கம் ஓடினார்.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. சவுண்ட்காரர் காதில் இன்னும் ஹெட்போன் இருக்கிறது. அவள் திரும்பி, கழற்றுங்கள் என்று சைகை செய்தாள். அவர் கழற்றினார். கொஞ்சம் தாமதமாக. எந்த நகைச்சுவைக்கும் மாறாத அந்த முகம் மாறியிருந்தது.

"நான் கேக்க மாட்டேன்," என்றாள் அவள், தாழ்ந்த குரலில். "நீங்களும் சொல்லாதீங்க. அது அவங்க ரெண்டு பேர் விஷயம்."

சவுண்ட்காரர் அவளைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். பிறகு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்து அவள் பக்கம் போட்டார்.

"ரெண்டு பேர் விஷயம் இல்ல மேடம், மூணு பேர் விஷயம்," என்றார். "நீங்க கொஞ்சம் உக்காருங்க."